வாசல் வரைக்கும் வாங்க சார்

குடிக்கத் தண்ணீர் கேட்டு வருகிறவர்களைத் துருவிக்குப் பிடிக்காது. இருபத்திரண்டு வருடமாக அவரே அப்படித்தான் அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறார். வாகனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் ஆய்வாளர் அவர். வண்டி மோதிவிட்டது, கதவு நசுங்கிவிட்டது, இழப்பீடு கொடுங்கள் என்று எழுதிப் போடுகிறவர்கள் சொல்வது நிஜமா என்று நேரில் போய்ப் பார்ப்பது வேலை. வாசலில் நின்று கேட்டால் வாசல் அளவுக்குத்தான் பதில் வரும். கொஞ்சம் தண்ணீர் கேட்டால் வீட்டுக்காரர் உள்ளே போவார். அந்த அரை நிமிடத்தில் சுவரும் தரையும் அலமாரியும் எல்லா உண்மையையும் கக்கிவிடும். எதிராளியைத் துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகத்தில் வைத்த பெயர்தான் துருவி. வீட்டிலும் அந்தப் பெயர் தெரியும். அவர் காதுபடச் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை காலையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, தோளில் பையும் கையில் கோப்புமாகப் படியேறி வந்து, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டதும் அவருக்குச் சுருக்கென்றது. மனைவி தண்ணீர் எடுக்க உள்ளே போனாள். வந்தவரின் கண் எங்கே போகிறது என்று துருவி பார்த்தார். அவர் எதிர்பார்த்த வரிசையில்தான் போனது. முதலில் ஃபிரிட்ஜ். அடுத்து, கூரை மூலையில் மழைத் தண்ணீர் இறங்கிய கறை. அதற்கடுத்து, ஜன்னலுக்கு வெளியே நின்ற ஸ்கூட்டரின் தேய்ந்த டயர். பாம்பின் கால் பாம்பறியும்.

எந்தக் கம்பெனி என்று கேட்டார். கம்பெனி இல்லை, அறக்கட்டளை என்றார் அந்தப் பெண்மணி. உங்கள் மகள் எங்களிடம் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறாள், விண்ணப்பித்த பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்லாமல் வந்து பார்ப்பது எங்கள் வழக்கம் என்றார். துருவி அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அட்டையில் இருந்த எண்ணுக்குக் கூப்பிடவில்லை. போலி அட்டை அடிக்கிறவன் எண்ணையும் சேர்த்துத்தானே அடிப்பான். இணையத்தில் தேடி எடுத்த வேறொரு எண்ணுக்குக் கூப்பிட்டு விசாரித்தார். ஆள் நிஜம் என்று தெரிந்தது. அந்த அம்மாள் அதுவரை கோபப்படாமல் நின்றிருந்தார். அதுவும் துருவிக்குச் சந்தேகமாகவே இருந்தது.

மகள் அப்போது வீட்டில் இல்லை. கல்லூரியில் ஏதோ படிவம் வாங்கப் போயிருந்தாள். சுற்றுச்சூழல் பொறியியலில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சாக்கடைத் தண்ணீரை நல்ல தண்ணீராக்கும் படிப்பு என்று அம்மாவுக்கு விளக்கியிருந்தாள். மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்டாவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்கும் பிள்ளைக்குப் போய்விடும். நான்கு மாதமாக ஒரு நோட்டுப் புத்தகத்தில் கடைசித் தேதிகளை எழுதி வைத்துக்கொண்டு உதவித்தொகை தேடிக்கொண்டிருந்தாள். பொறியியல் மாணவர்களுக்குக் கொடுக்கிறவர்கள், நீ சுற்றுச்சூழல் பிள்ளையாயிற்றே, அந்தப் பக்கம் போய்க் கேள் என்றார்கள். சுற்றுச்சூழல் அறிவியலுக்குக் கொடுக்கிறவர்கள், நீ பொறியியல் பிள்ளையாயிற்றே என்று கையை விரித்தார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். ஓர் இடத்தில் அப்பாவோ அம்மாவோ சுரங்கத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில், படித்து முடித்ததும் ஐந்து வருடம் எங்கள் தோல் ஆலையில்தான் வேலை பார்ப்பேன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த ஆலையின் கழிவு எந்த வாய்க்காலில் கலக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் படிவத்தை நான்காகக் கிழித்துப் போட்டுவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்தாள்.

நடுவில் ஒன்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டே வந்தது. நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், பதிவுக் கட்டணத்தை மட்டும் உடனே அனுப்புங்கள். மகளுக்குக் கால் தரையில் பாவவில்லை. துருவி அந்த முகவரியைத் தேடிப் போனார். அங்கே ஒரு சலவைக் கடை இருந்தது. கடைக்காரர், அறக்கட்டளையா, எனக்கு வெள்ளைச் சட்டை கறுப்புச் சட்டை மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். அன்றைக்குத் துருவி வீட்டுக்கு வந்த தோரணையைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த உருப்படியான உதவித்தொகைகளையும் அவர் சலவைக் கடையாகவே பார்த்தார். ஒரு பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் நிஜமாகவே பல்கலைக்கழகம்தானா என்று கேட்டார். அன்றோடு மகள் தன் விண்ணப்பங்களை அவரிடம் காட்டுவதை நிறுத்திக்கொண்டாள்.

இதெல்லாம் இருக்கட்டும். துருவியிடமே ஒரு சலவைக் கடை இருந்தது.

அவருக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அடிபட்ட வண்டியை இப்போதெல்லாம் சொந்தக்காரரே கைபேசியில் படம் எடுத்து அனுப்பிவிடுகிறார். எவ்வளவு கொடுக்கலாம் என்று கணினி சொல்லிவிடுகிறது. நேரில் போய்த் தண்ணீர் கேட்க ஆள் வேண்டியிருக்கவில்லை. கையில் கொஞ்சம் பணத்தையும் ஒரு கடிதத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிதத்தை வழியிலேயே பொடிப்பொடியாகக் கிழித்துப் போட்டார். வீட்டில் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப் போட்டதில் பொய் வளர்ந்துவிட்டது. காலை எட்டரைக்குப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, பெரிய மருத்துவமனையின் வெளிநோயாளிகள் கூடத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கேதான் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கையில் இருந்ததைத்தான் சம்பளம் என்று மாதாமாதம் மனைவியிடம் கொடுத்து வந்தார். இன்னும் இரண்டு மாதம் தாங்கும். கல்லூரிக் கட்டணத்துக்கு அதில் கைவைக்க வழியில்லை. இந்த அறக்கட்டளை கைவிட்டால் மகளுடைய படிப்பு அவ்வளவுதான்.

ஆகவே அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்ததும் துருவியின் மூளை பரபரவென்று வேலை செய்தது. மகள் என்ன எழுதியிருக்கிறாள்? அவருடைய தொழிலில் ஒரே ஒரு வேதம் உண்டு. ஒரே சங்கதியைப் பற்றி இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போக வேண்டும். புருஷன் லாரி இடித்தது என்று சொல்லி, மனைவி மரத்தில் இடித்தது என்று சொன்னால் கோப்பை மூடிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மகள் பொய் எழுதுகிறவள் இல்லை. அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று நம்பி அப்படியே எழுதியிருப்பாள். தான் இப்போது உண்மையைச் சொன்னால் அவள் எழுதியது பொய்யாகிவிடும்.

ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. தலைகீழாக இருக்கிற எழுத்தைப் படிப்பது அவருக்குக் கைவந்த கலை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடி எத்தனை பேருடைய காகிதத்தைப் படித்திருக்கிறார். செருப்பைச் சரி செய்கிறவர்போல் முன்னால் குனிந்து பார்த்தார். தந்தையின் தொழில் என்ற இடத்தில் மகளின் உருண்டைக் கையெழுத்தில் 'வாகனக் காப்பீட்டு ஆய்வாளர்' என்று இருந்தது. அதற்குக் கீழேயும் ஏதோ எழுதியிருந்தது. அதன்மேல் அந்த அம்மாளின் கை கிடந்தது. துருவிக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்த அம்மாள் நேராக எதையும் கேட்கவில்லை. வீடு வாடகையா, தண்ணீர் எப்போது வருகிறது, மகள் எங்கே உட்கார்ந்து படிப்பாள் என்று சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எந்தப் பக்கம் போவீர்கள் என்று கேட்டார். தூண்டில் போடுகிறாள் என்று துருவி நினைத்துக்கொண்டார். அதற்கும் பதில் சொன்னார். அந்த அம்மாள் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மனைவி தம்ளரைத் துடைத்தபடி நிலைப்படியில்தான் நின்றிருந்தாள்.

அந்த அம்மாள் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார். "ஒரு ரெண்டு நிமிஷம் வாசல் வரைக்கும் வாங்க சார். அங்க நின்னு பேசலாம்."

துருவிக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. வாசலுக்கு வா என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்கா தெரியாது? எத்தனை பணிமனை முதலாளிகள் அவரையே அப்படிக் கூப்பிட்டுச் சட்டைப்பையில் கவரைச் செருகப் பார்த்திருக்கிறார்கள். உதவித்தொகை வரவேண்டுமென்றால் என்னையும் கொஞ்சம் கவனியுங்கள் என்று கேட்கத்தான் இந்த அம்மாள் கூப்பிடுகிறாள். நிஜ அறக்கட்டளை, திருட்டு ஆள்.

"எதுவா இருந்தாலும் இங்கயே கேளுங்க மேடம். என் வீட்ல ஒளிவுமறைவு கிடையாது" என்றார்.

அந்த அம்மாள் மறுபடியும் சமையலறைப் பக்கம் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "இன்னும் அதே வேலையிலதான் இருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு வருடமாக அங்கேதான் என்றார் துருவி. அதோடு விட்டிருக்கலாம். நேற்றுக்கூட ஒரு லாரியைப் பார்க்கப் போனேன், வலது பக்க விளக்கு உடைந்திருந்தது, ஓட்டுநர் தூங்கிவிட்டதை ஒப்புக்கொள்ளவே இல்லை, முதலாளி வேறு நடுவில் வந்து கத்தினார் என்று அளந்துகொண்டே போனார். கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறவன் பொய் சொல்கிறான் என்று புதிதாக வந்த ஆய்வாளர்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர். தெரிந்தும் வாயை மூட முடியவில்லை. அந்த அம்மாள் எதையும் எழுதிக்கொள்ளாமல் கேட்டுவிட்டு, தண்ணீருக்கு நன்றி சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார்.

திங்கட்கிழமை மாலை மகளின் கைபேசிக்குச் செய்தி வந்தது. விண்ணப்பத்தில் இருப்பதும் வீட்டில் சொன்னதும் முரண்படுகின்றன. விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. தந்தை புதன்கிழமை நேரில் வர வேண்டும். படித்துவிட்டு மகள் வெளிறிப்போனாள். வந்தவங்க உங்ககிட்ட என்னப்பா கேட்டாங்க என்று மெதுவாகக் கேட்டாள். வாசலுக்குக் கூப்பிட்டாள், போகவில்லை, அந்த ஆத்திரத்தில் பழிவாங்குகிறாள் என்றார் துருவி. மகள் அதைக் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

அவர் உடனே விண்ணப்பத்தின் நகலைக் கேட்டார். நகல் எடுக்கவில்லை என்றாள். கடைசித் தேதிகளைக்கூட நோட்டில் எழுதி வைக்கிற பெண், இதற்கு நகல் எடுக்கவில்லையாம். துருவியின் சந்தேகம் இப்போது மகள்மேல் திரும்பியது. வீட்டு வருமானத்தைக் குறைத்து எழுதிவிட்டாளோ? அம்மாவுக்கு இல்லாத நோயை எழுதிவிட்டாளோ? அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய அலமாரியைப் புரட்டினார். நோட்டுப் புத்தகத்தில் பக்கம் பக்கமாகத் தேதிகளும், அடித்துவிட்ட பெயர்களும்தான் இருந்தன. நாற்பத்தொரு பெயர்களில் நாற்பது அடித்திருந்தது. மிச்சம் இருந்தது இந்த அறக்கட்டளை. எப்பாடு பட்டாவது அவள் எழுதியதை நிஜமாக்கிக் காட்டிவிடுவது என்று முடிவு செய்தார். அவரிடம் ஒரு சான்று இருந்தது. வேலையை விட்டு வரும்போது அலுவலக அடையாள அட்டையைத் திருப்பிக் கேட்டார்கள். தொலைந்துவிட்டது என்று சொல்லி அதை வைத்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மகளும் கூட வந்தாள். அறக்கட்டளை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் இருந்தது. நடைபாதையின் இரண்டு பக்கமும் கோப்புகளை அடுக்கி, நடுவில் ஒருவர் நடக்கிற அளவுக்கு வழி விட்டிருந்தார்கள். மகளை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தச் சொன்னார் அந்த அம்மாள். கதவைச் சாத்தி என்ன கேட்கப் போகிறாளோ பார்ப்போம் என்று துருவி உட்கார்ந்தார்.

"இங்க வேற யாரும் இல்ல சார். இப்ப சொல்லுங்க, வேலையில இருக்கீங்களா?"

துருவி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்து, படம் மேலே தெரியும்படி அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த அம்மாள் அதைத் தொடவில்லை. கோப்பைத் திறந்து, ஒரு பக்கத்தை எடுத்து, அவர் படிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். இந்த முறை தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

தந்தையின் தொழில்: வாகனக் காப்பீட்டு ஆய்வாளர். ஒரு மாதமாக வேலை இல்லை. அலுவலகம் கொடுத்த கடிதத்தை இணைத்திருக்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு எதுவும் தெரியாது. வீட்டுக்கு விசாரிக்க வந்தால் அம்மா முன்னால் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாகக் கேட்டால் அப்பா உண்மையைச் சொல்லிவிடுவார்.

துருவி அதை இரண்டு முறை படித்தார். இணைத்திருந்த கடிதத்தில் இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. சம்பளச் சான்றிதழ் வாங்க மகள் அவருடைய அலுவலகத்துக்கே போயிருக்கிறாள். போன இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழுக்குப் பதில் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, இரண்டு மாதமாகத் தினமும் காலையில் எட்டரை மணிக்கு, போய்ட்டு வாங்கப்பா என்று வாசலில் நின்று சொல்லியிருக்கிறாள். அவள் முகத்தில் அவர் எதையுமே கண்டுபிடிக்கவில்லை. ஊரார் முகத்தையெல்லாம் படித்தவர். அவருக்கு மேசைமேல் கிடந்த அட்டையை எடுக்கவும் கை வரவில்லை.

"அதுக்குத்தான் சார் அன்னிக்கு வாசல் வரைக்கும் வாங்கன்னேன்" என்றார் அந்த அம்மாள்.

துருவி ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். மேலே தேதியும் நேரமும் போட்டார். சனிக்கிழமை தான் சொன்னது பொய், மகள் எழுதியது உண்மை, வேலை போன தேதி இது, காரணம் இது என்று வரிசையாக எழுதினார். மற்றவர்களிடம் இப்படி எழுதி வாங்கும்போது பேனா ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறது என்று அதட்டியிருக்கிறார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த அம்மாள் படித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டாவது தடவை எழுதிக் குடுக்கிறதை நான் பொதுவா நம்பறதில்ல சார்."

"நானும் நம்பினதில்ல மேடம்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அந்த அட்டையை முதல்ல உள்ள எடுத்து வைங்க, நான் அதைப் பார்க்கலை என்றார். பிறகு தாளைக் கோப்பில் சேர்த்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்ற கட்டத்தில் துருவியின் கண்முன்னாலேயே குறியிட்டார். வெள்ளிக்கிழமை குழு கூடும், நான் பரிந்துரைத்ததை இதுவரை மறுத்ததில்லை என்றார். துருவி நன்றி சொல்ல வாயெடுத்தார். நன்றியை வெளியில உட்கார்ந்திருக்கிற பொண்ணுக்குச் சொல்லுங்க என்று அந்த அம்மாள் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார்.

மகள் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்தாள். துருவி அவளை உட்காரச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். உதவித்தொகை கிடைச்ச மாதிரிதான்மா, வெள்ளிக்கிழமை சொல்லிடுவாங்க என்றார். அவள் மூச்சை வெளியே விட்டாள். அவர் எதிரே அடுக்கியிருந்த கோப்புகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எனக்கு வேலை போயிடுச்சும்மா. மூணு மாசமாச்சு. அம்மாகிட்ட இன்னிக்குச் சொல்லிடறேன்."

மகள் தலையசைத்தாள். பிறகு, அவர் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: "தனியா கேட்டதும் சொல்லிட்டீங்க இல்லப்பா?"

ஆமாம் என்று சொல்வதற்கு ஒரு நொடி போதும். அவளும் நம்பிவிடுவாள். உள்ளே நடந்தது மூடின கதவுக்குப் பின்னால் நடந்தது.

"இல்லம்மா" என்றார் துருவி. "தனியா கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன். நீ எழுதினதைப் படிச்ச பிறகுதான் சொன்னேன்."

மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவருடைய பையை எடுத்துத் தன் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வீடு வந்து சேரும்வரை அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை.